என்ஜினின் நாடி பார்க்கும் சென்சார்கள்

தனியாக ட்யூன் செய்யப்படும் கார்களில் கூடுதல் சென்சார்கள் பெருகிவருகின்றன. ஆனால் பொய் சொல்லும் சென்சார், இல்லாத சென்சாரைவிட ஆபத்தானது.

ஒரு காலத்தில் மெக்கானிக்கின் காதுதான் சென்சார். கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் திருப்புவார், என்ஜின் சத்தத்தைக் கேட்பார், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார், தீர்ப்புச் சொல்லிவிடுவார். நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-இல் புகை விதிகள் மேலும் இறுகின. கார்புரேட்டர் விடைபெற்றது, பெட்ரோலை அளந்து ஊற்றும் வேலை இசியு என்ற குட்டிக் கம்ப்யூட்டரிடம் போனது.

என்ஜினின் சக்தியைக் கூட்ட விரும்புகிறவர்களுக்குத் தொழிற்சாலை தந்த இசியு போதவில்லை. தாங்களே கணக்குகளை மாற்றக்கூடிய இசியுவைப் பொருத்துகிறார்கள். ப்ரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் 2001-இல் அறிமுகப்படுத்திய மெகாஸ்க்வர்ட், வாங்குபவரே பற்றவைத்துக்கொள்ளும் உதிரிகளாக வந்து இந்த வித்தையைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. காற்றழுத்தம், வெப்பம், த்ராட்டில் நிலை ஆகியவற்றை அளப்பது அடிப்படை. அதற்கு மேல் சேர்ப்பவைதான் கூடுதல் சென்சார்கள்.

முதலில் சேர்வது பெரும்பாலும் 'வைட்பேண்ட்' ஆக்சிஜன் சென்சார். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். சாதாரண ஆக்சிஜன் சென்சார் இந்த எல்லைக்கு இப்புறமா அப்புறமா என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் த்ராட்டிலை முழுக்க அழுத்தும்போது பல என்ஜின்களுக்கு 12.5, 13 என்ற அளவில் செழிப்பான கலவை தேவை. அங்கே பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், 'நாக்கிங்' தொடங்கும், பிஸ்டன் உருகவும் கூடும். அந்த நேரத்தில் கலவையின் அளவை எண்ணாகவே சொல்வது வைட்பேண்ட்.

எத்தனால் கலப்பு இதன் தேவையை அதிகரித்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் முழுதாக எரிய 13.5 பங்கு காற்று போதும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய கணக்கையே இசியு பின்பற்றினால் கலவை மெலிந்துவிடும். நாக்கிங் ஒலியைக் கேட்கும் சென்சார், புகைக்குழாயின் வெப்பத்தை அளக்கும் சென்சார், ஆயில் அழுத்தம் சரிந்தால் என்ஜினையே நிறுத்தவைக்கும் சென்சார் ஆகியவை அடுத்தடுத்த காவலர்கள்.

காவலரே தவறு செய்தால்? 10 முதல் 20 வரையான காற்று விகிதத்தை 0 முதல் 5 வோல்ட்டாக அனுப்பும் கருவியில், கால் வோல்ட் பிசகினால் அரை எண் பிசகும். இந்தப் பிசகுக்குப் பெரும்பாலும் காரணம், எர்த் ஒயரை இசியுவின் சென்சார் எர்த்தில் சேர்க்காமல் கையில் கிடைத்த போல்ட்டில் முறுக்கிவிடுவது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் வினைதான். வெளிக்காற்று உள்ளே புகும். கலவை மெலிந்துவிட்டதாக சென்சார் சொல்லும். அதை நம்பி இசியு பெட்ரோலைக் கொட்டும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புதிய சென்சாரின் கையில் உடனே அதிகாரத்தைக் கொடுப்பதில்லை. முதலில் பதிவு செய்ய மட்டும் விடுகிறார்கள். விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறார்கள். இரவெல்லாம் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ரேடியேட்டர் நீரும் உள்ளிழுக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பம் காட்டவேண்டும். என்ஜின் ஓடாதபோது அழுத்த சென்சார் சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டவேண்டும். 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் சுமார் 91. இந்தச் சின்னப் பரீட்சையில் தோற்கும் சென்சாரை நம்பி த்ராட்டிலை முழுக்க அழுத்தினால், பலியாவது என்ஜின்தான்.