பைக்குள் ஒரு சாட்சி

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனை யான் கண்டிலேன். அதன் ஓசையையே கேட்டுள்ளேன். கண்ணுக்குப் புலனாகாததை அறியச் சான்று வேண்டும். கதிர்வீச்சும் அத்தகையதே.

2010ஆம் ஆண்டில் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழங்கருவியொன்று, மாயாபுரியிலுள்ள பழைய இரும்புக் கடைகளை அடைந்து உடைக்கப்பட்டது. அதனுள் இருந்த கோபால்ட்டு-60 வீசிய கதிரால் ஒருவர் மாண்டார், பலர் நோயுற்றனர். இரும்பு உடைக்கும் ஏழைத் தொழிலாளி கதிரளக்கும் வில்லை அணிவதில்லை. எனினும், இன்று அவன் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசி உண்டு.

அதன் நுண்ணிய தடையிகளில் அலுமினா என்னும் பீங்கான் உளது. கதிர் பட்டால் அதன் இலத்திரன்கள் நிலைபெயர்ந்து சிறைப்படும். ஆய்வுகூடத்தில் நீல ஒளி பாய்ச்ச, அவை விடுபட்டு மெல்லொளி உமிழும். அவ்வொளியைக் கொண்டு, பட்ட கதிரின் அளவைக் கணிப்பர்.

ஆனால் இச்சான்று நாளடைவில் மங்கும். தடையிகள்மேல் வெளியொளி பட்டாலும் கெடும். ஆதலின் தொலைபேசியைத் திறவாது விரைந்து ஒப்படைத்தல் வேண்டும். மாணாக்கர்க்கு யான் கூறுவது இதுவே: ஊமைச் சாட்சியாயினும் காலத்தே வினவினால் உண்மை உரைக்கும்.