ஃபைபருக்கு மாறலாமா?

நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புதிய இணைப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேரே மோடத்தில் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கே வேகம் சரியாக வந்து, படுக்கையறையில் மட்டும் வராவிட்டால் குறை வைஃபையில். மோடத்தை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, கூடத்தின் நடுவே உயரமாக வைத்துப் பாருங்கள். சுவரைத் தாண்டும் சிக்கலை ஃபைபர் தீர்க்காது.

கேபிளிலேயே வேகம் இல்லையென்றால், உங்களுடையது பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்பா என்று பாருங்கள். செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் விழும். இந்தக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல்2+ இணைப்பின் உச்சமே 24 எம்பிபிஎஸ்தான். ஊர்க்கோடி வீட்டுக்கு அதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மழையில் ஜாயின்ட் நனைந்தால் அதுவும் தடுமாறும். ஃபைபரில் கண்ணாடி இழை வழியே ஒளி வருகிறது. ஊருக்குள் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

மாறச் சொல்ல எனக்குப் பெரிய காரணம் அப்லோடு. விளம்பரங்கள் டவுன்லோடு வேகத்தையே உரக்கச் சொல்கின்றன. வீடியோ காலில் நம் முகம் உறைவதும், சிசிடிவி பதிவு மேலே ஏறாமல் நிற்பதும் அப்லோடு போதாததால்தான். 1 ஜிபி கல்யாண வீடியோவை 1 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 100 எம்பிபிஎஸ்ஸில் ஒன்றரை நிமிடம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரோ ஆன்லைனில் பாடம் எடுப்பவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள். தனியாளாக, செல்போன் டேட்டாவிலேயே எல்லாம் நடக்கிறதென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. எனவே நான்கு பேர் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம்.

விலையில் 18% ஜிஎஸ்டி சேருமா, இன்ஸ்டலேஷனுக்கு எவ்வளவு, மாத டேட்டா வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும் என்று முன்பே கேளுங்கள். அதைவிட முக்கியம், இழை அறுந்தால் யார் வருவார், எத்தனை நாளில்? அதே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் உண்மை தெரியும். ஒயரைக் கூர்மையாக மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். ஒளி தடைபட்டால் ஃபைபர் மோடம் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும், ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். பழைய லேண்ட்லைன் எண் வேண்டுமென்றால், அது புதிய இணைப்பில் தொடருமா என்று கேட்டபிறகே பழையதைத் துண்டியுங்கள்.