செஞ்சியின் சுனையும் வீட்டு மீன்தொட்டியும்

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சி நகரை நெருங்குவோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவன மூன்று பாறை மலைகள். அவை இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனப் பெயர் பெறும். இம்மூன்றையும் இணைத்து எழுப்பிய நீண்ட மதிலே செஞ்சிக் கோட்டையின் எல்லை. மூன்றனுள் உயர்ந்தது இராசகிரி. அதன் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் படைத்துறைச் சிறப்பைக் காட்டும் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

இக்கோட்டையின் வலிமை யாது? வானளாவிய பாறையும் அகன்ற மதிலும் என்று பலர் விடையிறுப்பர். அது பாதி உண்மையே. 1690ஆம் ஆண்டு முதல் 1698ஆம் ஆண்டு வரை மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது. அத்துணை ஆண்டுகள் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்க வேண்டுமாயின், உள்ளே இருப்போர்க்கு உணவு வேண்டும். உணவினும் முந்தியதாக நீர் வேண்டும். நெல்லின்றிச் சில நாள் உயிர் தரிக்கலாம். நீரின்றி அதுவும் இயலாது. மதில் பகைவரைத் தடுக்கும், நாவறட்சியைத் தடுக்குமோ?

கோட்டையை அமைத்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இராசகிரியின் உச்சிக் கோட்டையில் வற்றாத சுனைகள் உண்டு. கீழே மழைநீரைத் தேக்கும் குளங்கள் உண்டு. அவற்றுள் சக்கரகுளமும் செட்டிகுளமும் பெயர் பெற்றவை. பல அடுக்குகளாக உயர்ந்து நிற்கும் கலியாண மகாலுக்கு அண்மையில் யானைக்குளம் என்னும் படிக்கட்டுக் குளம் உள்ளது. அம்மகாலுக்கு வேண்டிய நீர், தொலைவில் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய்களின் வழியே கொண்டுவரப்பட்டது. ஊற்று நீர் ஒரு பால், மழைநீர் ஒரு பால், குழாய் நீர் ஒரு பால் என, நீர் பல வழிகளில் காக்கப்பட்டது.

நீரைத் தேக்குதல் எளிது. தேக்கிய நீரைக் கெடாமல் காத்தலே அரிது. ஓடும் நீரில் காற்று கலந்துகொண்டே இருக்கும். தேங்கிய நீரிலோ மாறுதல்கள் பல நிகழும். முதலாவது, நீருடன் வந்த மண்ணும் வண்டலும் அடியில் படியும், இது நன்மை. இரண்டாவது, வெயில் படும் நீரில் பாசி வளரும். மூன்றாவது, விழுந்த இலைகளும் பிற பொருள்களும் அழுகும். அழுகும்பொழுது நீரில் கரைந்துள்ள பிராணவாயு செலவாகிவிடும். நான்காவது, திறந்து கிடக்கும் நீரில் கொசு முட்டையிடும். படியவேண்டியதைப் படியவிட்டு, வெயிலையும் குப்பையையும் கொசுவையும் விலக்கிவைப்பதே நீர் காக்கும் கலை. நம் முன்னோர் கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தனர். குடத்தின் வாயைத் துணியால் வேடுகட்டினர். இவ்விரண்டு வழக்கங்களிலும் அக்கலை அடங்கியிருத்தலைக் காணலாம்.

பெரிய கோட்டைக்குப் பொருந்தும் இவ்விதி, கூடத்தில் வைத்திருக்கும் சிறிய கண்ணாடி மீன்தொட்டிக்கும் பொருந்தும். முற்றுகைக்கு உட்பட்ட கோட்டையில் வாழ்வோர் வெளியே சென்று நீர் கொணர இயலாதவாறு போலவே, தொட்டியில் வாழும் மீனும் வேறு நீரைத் தேடிச் செல்ல இயலாது. அதன் உயிர், அதனை வளர்ப்பவர் சேமித்துத் தரும் நீரைப் பொறுத்தது. ஆற்றிலும் ஏரியிலும் சிறிதளவு தீங்கு நேர்ந்தாலும் அங்குள்ள பெருநீர் அதனை விழுங்கிவிடும். தொட்டியில் அவ்வாறு விழுங்குவதற்குப் போதிய நீர் இல்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உடைய தொட்டியில் விளிம்புவரை நிரப்பினும் 54 லிட்டர் நீரே கொள்ளும்.

இச்சிறு நீரில் மீன் உண்டு, கழித்து, உயிர்த்து வாழ்கிறது. அதன் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. தொட்டியின் மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு நாளடைவில் மிகும். ஆகவே, வாரம் ஒரு முறை தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோ நீக்கி, புது நீர் சேர்த்தல் வேண்டும். நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றுதல் தவறு. பழகிய நீர் திடீரென மாறினால் மீன் நலிவுறும். மேற்சொன்ன தொட்டிக்கு வாரம் ஒரு முறை 10 முதல் 14 லிட்டர் புது நீர் போதும். 20 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள கலம் ஒன்று இருப்பின் அத்தேவை நிறைவேறும்.

புது நீர் என்றதும் குழாயைத் திறந்து அப்படியே ஊற்றலாம் எனக் கருதுதல் கூடாது. ஊர்க் குடிநீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லப் பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ சேர்க்கின்றனர். மனிதரைக் காக்கும் அதே குளோரின் மீனின் மெல்லிய செவுள்களைப் புண்ணாக்கிவிடும். நீரை வாயகன்ற கலத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, ஓரிரு நாள் வைத்திருந்தால் குளோரின் காற்றில் கலந்து போகும். சூடான பாலை ஆற்றுவது போல ஒரு குவளையால் உயர்த்தி உயர்த்தி ஊற்றினால் அது இன்னும் விரைவில் நீங்கும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்னும் பொருள் கலந்த நீருக்கு இம்முறை போதாது. அது எளிதில் ஆவியாகாது. அதற்குக் கடைகளில் கிடைக்கும் தக்க மருந்தைக் குறித்த அளவில் சேர்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், எல்லாப் பொருள்களும் நீக்கப்பட்ட தூய நீரே மீனுக்குச் சிறந்ததாகுமா? வீடுகளில் பயன்படும் ஆர்.ஓ. என்னும் கருவி, நீரை மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி, கரைந்துள்ள உப்புகளுள் பெரும்பகுதியை நீக்குகிறது. காய்ச்சி வடித்த நீரிலும் உப்புகள் இல்லை. இந்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றினால் மீன் வருந்தும். நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு வெளிநீரில் உள்ளதைவிட மிகுதி. உடலிலிருந்து ஓயாது கசியும் உப்பை அது செவுள்கள் வழியே நீரிலிருந்து மீண்டும் ஈட்டிக்கொள்கிறது. ஈட்டுவதற்கு நீரில் ஒன்றும் இல்லையாயின் அது என் செய்யும்? மேலும், உப்பற்ற நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத் தன்மை அடையும். அதனைத் தடுக்கும் கார்பனேட்டு உப்புகள் அதில் இல்லை. ஆகவே, மிகுந்த உப்புள்ள கிணற்று நீரையும் உப்பு நீக்கிய நீரையும் தக்க அளவில் கலந்து சேமித்தலே பெரும்பாலான மீன்களுக்கு ஏற்றது. தூய்மை என்பது ஒன்றும் இல்லாமை அன்று. வாழும் உயிருக்கு வேண்டியது இருந்து, வேண்டாதது இல்லாமையே தூய்மை.

கலத்தைத் தேர்ந்தெடுத்தலிலும் கருத்து வேண்டும். செப்புக் குடத்தில் நீர் வைத்துக் குடித்தல் நம் நாட்டுப் பழக்கம். செம்பு சிறிதளவு நீரில் கரைந்து கிருமிகளைக் கொல்லும். ஆனால் அச்சிறிதளவே மீனுக்கு நஞ்சாகும். ஆதலின் மீனுக்குரிய நீரைச் செம்பு, பித்தளைக் கலங்களில் வைத்தல் ஆகாது. உணவுப்பொருள் வைப்பதற்குரிய பிளாஸ்டிக் கலமோ கண்ணாடிக் கலமோ நன்று. அக்கலத்தை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. சோப்புப் போட்டுக் கழுவுதலும் ஆகாது. அதனை மொட்டைமாடியில் வைத்தால் வெயிலில் நீர் சூடேறும், பாசியும் வளரும். வீட்டினுள் நிழலான இடத்தில் வைத்தால் நீரின் வெப்பம் தொட்டி நீரின் வெப்பத்தை ஒத்திருக்கும். குளிர்ந்த நீரைவிடச் சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூடியைப் பற்றித் தனியே சொல்லுதல் தகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டில் சேமித்த தெளிந்த நீரையே நாடும். அது கலத்தின் உட்சுவரில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே முட்டையிடும். அம்முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் அழியாதிருந்து, நீர் பட்டவுடன் பொரியும். ஆதலின் நீரை மாற்றுதல் மட்டும் போதாது. வாரந்தோறும் கலத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, இறுக மூடிவைத்தல் வேண்டும். மீனுக்காகச் சேமித்த நீர் வீட்டார்க்கு நோய் தருவதாகிவிடக் கூடாது.

இங்கிலாந்து நாட்டு வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன் என்பார், 1849ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து ஆராய்ந்தார். செடி பிராணவாயுவைத் தந்தது. எனினும் அதன் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கின. அவர் நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகியவற்றைத் தின்றன, நீர் தெளிந்தது. அவர் தம் முடிவுகளை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணைநின்றால் நீர் நெடுநாள் கெடாதிருக்கும் என்பது இதனால் விளங்கிற்று.

மழை நம் கையில் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது சில நாள். அதனை வைத்து வாழ்வது பல மாதம். 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் நீர் விழும். அது தெருவில் ஓடிக் கழிவதும், தொட்டியில் நிறைந்து காக்கப்படுவதும் நம் செயலைப் பொறுத்தன. காத்த நீரையும் யாருக்கு, எதற்கு என்று அறிந்து அதற்கேற்பப் பேணுதல் வேண்டும். பேசத் தெரியாத சிறு மீன் ஒன்றுக்காக நாள்தோறும் நீரை நோக்கி, மூடியைச் சரிபார்க்கும் மாணவன், நாளை ஊரின் ஏரியையும் குளத்தையும் காக்கும் குடிமகனாகத் தன்னைப் பழக்கிக்கொள்கிறான்.