மிருகவைத்தியத் தாதியர் பயிற்சியும் அதன் தரநிருணயமும்

எம்மோடு இக்கல்லூரியிற் பயின்று இப்பொழுது இங்கிலாந்தில் வாழும் நண்பரொருவர் சென்ற ஆண்டு எமக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய மகள் அங்கே மிருகவைத்தியத் தாதியாதற்குப் பயிற்சி பெறுகின்றாள். பயிற்சியின் பெரும்பகுதியை முடித்திருந்த நிலையில், அவள் பயின்ற மிருக வைத்தியசாலையிலே மாணவரைப் பயிற்றும் பொறுப்பிலிருந்த ஒரே தாதி விலகிச் செல்ல, அவ்விடத்தின் பயிற்சி அங்கீகாரம் நிறுத்தப்பட்டது. வேறிடம் தேடிக்கொள்ளுமாறு மகளுக்குச் சொல்லப்பட்டதாம். நாய்க்கும் பூனைக்கும் பணிவிடை செய்வதற்கு இத்தனை விதிகளா என்று நண்பர் சினந்து வினவியிருந்தார். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோது அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

பிரித்தானியாவில் மிருகவைத்தியத் தொழிலை ஒழுங்குசெய்வது, 1844 இல் அரச சாசனம் பெற்ற அரச மிருகவைத்தியர் கல்லூரி. கல்லூரி எனப் பெயர் கொண்டதாயினும் அது பாடஞ் சொல்லும் இடமன்று. தொழில்புரிவோரைப் பதிவுசெய்து அவர்தம் கல்வியையும் ஒழுக்கத்தையும் மேற்பார்வை செய்யுஞ் சபையாகும். அச்சபை 1961 இலே மிருகவைத்தியரின் உதவியாளர்க்கெனப் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கிற்று. ஆயின் 'தாதி' என்னும் பெயரை அவர்க்கு இட இயலவில்லை. அப்பெயர் மனிதரைப் பேணுவோர்க்கே சட்டத்தால் உரித்தாயிருந்தது. ஆகவே 'விலங்குபேணல் துணையாளர்' என்னும் பொருள்பட நீண்டதொரு பெயர் இடப்பட்டது. 1984 இலேதான் 'மிருகவைத்தியத் தாதி' என்னும் பெயர் அவர்க்கு வாய்த்தது. சொல்லோடு பழகும் எமக்கு இவ்வரலாறு வியப்பளிக்கவில்லை. பெயரைக் காப்பவர் அப்பெயருக்குரிய பயிற்சியையும் காக்கவே முயல்கின்றனர்.

பெயரினும் பெரியது பொறுப்பு. 1966 ஆம் ஆண்டு மிருகவைத்தியர் சட்டம் சிகிச்சை செய்யும் உரிமையைப் பெரும்பாலும் வைத்தியர்க்கே வரையறுத்தது. 1991 இல் அதன் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டபோது, பயிற்சி முடித்த தாதியர் வைத்தியரின் பணிப்பின்படி மருந்தேற்றவும், உடலின் உட்குழிகளுட் புகாத சிறு சத்திரசிகிச்சைகளைச் செய்யவும் இடம் பெற்றனர். மயக்கமருந்து ஏற்றப்பெற்ற பிராணியின் மூச்சையும் நாடியையும் இமைகொட்டாது நோக்கியிருப்பதும் அவர் பணியே. இஃது எத்துணை இன்றியமையாததென்பதை 2008 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. 2002 முதல் 2004 வரை பிரித்தானிய மிருக வைத்தியசாலைகளில் நடந்த அவ்வாய்வின்படி, மயக்கமருந்து பெற்ற நாய்களுள் ஏறக்குறைய 600 இற்கு ஒன்றும், பூனைகளுள் ஏறக்குறைய 420 இற்கு ஒன்றும் அதன் தொடர்பாக இறந்தன. கருதற்பாலது யாதெனில், அவ்வாறிறந்த நாய்களுள் ஏறத்தாழ அரைப்பங்கும் பூனைகளுள் நூற்றுக்கு 60 அளவும் சத்திரசிகிச்சையின்போது இறந்தனவல்ல. அது முடிந்தபின், பெரும்பாலும் முதல் மூன்று மணி நேரத்துள் இறந்தன. வைத்தியர் கைகழுவி அடுத்த நோயாளியிடம் சென்றுவிட்ட வேளையது. அப்பொழுது அருகிலிருப்பவர் தாதி. பூனைகளின் நாடியையும் குருதியின் ஒட்சிசன் அளவையும் கவனித்துவந்த இடங்களில் இறப்புக் குறைந்திருந்தமையும் அவ்வாய்விற் காணப்பட்டது.

இனி, அங்கீகாரம் என்றவுடன் மாணவரின் பரீட்சையே பலர்க்கு நினைவில் வரும். ஈண்டுச் சோதிக்கப்படுவது மாணவரல்லர்; பயிற்றுவோரும் பயிற்றும் இடமுமே. சபையானது பல்கலைக்கழகங்களையும் தராதரப்பத்திரம் வழங்கும் நிறுவனங்களையும் நோட்டமிட்டு அங்கீகரிக்கின்றது. அவை தத்தமக்குரிய பயிற்சி வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பேற்கின்றன. மாணவர் அத்தகைய வைத்தியசாலையில் 1,800 மணி நேரம் தொழிற்பயிற்சி பெறல் வேண்டும். ஒவ்வொரு மாணவர்க்கும் பதிவுபெற்ற தாதியோ வைத்தியரோ பயிற்றுநராக நியமிக்கப்படுவர். எல்லாவகை நோயாளிகளும் வாராத சிறிய வைத்தியசாலை, பிறிதொன்றோடு துணையிடமாகச் சேர்ந்து பயிற்றலாம். மாணவர் சிறு சத்திரசிகிச்சை செய்யுங்கால் மேற்பார்வை நேரடியாகவும் இடையறாதும் இருத்தல் வேண்டுமென்பது விதி. ஐரோப்பிய நாடுகளிடையே இத்தகு பயிற்சிகளை ஒரே அளவுகோலால் அளத்தற்கு 2007 முதல் ஒரு குழு இயங்கி வருகின்றது.

யாம் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில், கற்பித்தற் பயிற்சியின்போது விரிவுரையாளர் வகுப்பின் பின்வாங்கிலே வந்தமர்வார். அன்று எம் கையிலிருந்த வெண்கட்டி நடுங்கிற்று. எனினும், பாடத்தின் பின் அவர் கூறிய நான்கு வார்த்தைகள் கற்பித்ததை எந்த நூலும் கற்பிக்கவில்லை. அவர் வாராத கிழமைகளிலும் பாடக்குறிப்பை அழகாக எழுதி ஒப்படைத்தோம். அக்குறிப்பிலுள்ளவை யாவும் வகுப்பில் நிகழ்ந்தனவென்று இன்று சத்தியஞ் செய்யமாட்டோம்! தாதி மாணவரும் தாம் பயின்ற திறன்களை ஒரு பதிவேட்டிற் குறித்துவர, பயிற்றுநர் அவற்றை உறுதிப்படுத்துகின்றார். பயிற்றுநர் இல்லாவிடத்தில் அப்பதிவேடு எம் பாடக்குறிப்பு போன்றதே. பதிவேட்டை மட்டும் நம்பாது, செய்முறைப் பரீட்சையும் வைப்பதற்கு இதுவே காரணம். 1975 இல் தண்டீ நகரத்திலே றொனால்ட் ஹார்டன் என்பார் மருத்துவ மாணவர்க்கென அமைத்த முறையைத் தழுவி, மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று குறித்த நேரத்துள் ஒவ்வொரு வேலையைச் செய்துகாட்டுவர். பரீட்சகர் வகுத்த பட்டியலின்படி புள்ளியிடுவர்.

இத்தனை காவலும் இருக்க, ஒரு வாயில் திறந்தே விடப்பட்டது. 1966 ஆம் ஆண்டுச் சட்டம் 'மிருகவைத்தியத் தாதி' என்னும் பெயரைக் காக்கவில்லை. பதிவுபெற்றவர் ஆண்டுதோறும் 15 மணி நேரம் தொடர்ந்து கற்கக் கடமைப்பட்டிருக்க, பயிற்சியே பெறாதவரும் அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ள அச்சட்டத்தில் தடையில்லை. பிறருக்குரியதென்று ஒருகாலத்தில் மறுக்கப்பட்ட பெயர், தமக்குரியதான பின்னர்க் காவலின்றி நின்றது. இக்குறையை நீக்கவேண்டுமென்று அரச மிருகவைத்தியர் கல்லூரி நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளது.

நண்பருக்கு யாம் எழுதிய விடை இதுவே: அங்கீகாரத்தை நிறுத்தியது தவறன்று, பார்த்துத் திருத்துவாரின்றி மகள் கழிக்கும் மணிகள் அவளுக்கும் உதவா, அவள் கையிற் கிடக்கும் பிராணிக்கும் உதவா. ஆயினும் வேறிடந் தேடும் சுமையை மாணவியின் தலையில் ஏற்றியது முறையன்று. அவளைச் சேர்த்துக்கொண்ட பயிற்சி நிறுவனமே அதைச் சுமந்திருத்தல் வேண்டும். ஒரே பயிற்றுநரை நம்பி மாணவரைச் சேர்த்ததும் முன்யோசனையற்ற செயலே.

இரு மாதங்களின் பின் மறுகடிதம் வந்தது. தொலைவிலுள்ள வேறொரு வைத்தியசாலையில் மகளுக்கு இடங் கிடைத்துவிட்டது. முன்னைய இடத்திற் பயின்ற மணிகள் கணக்கில் எடுக்கப்பட்டன. முதல்வாரம் முழுவதும், சத்திரசிகிச்சை முடிந்து மயக்கந் தெளியும் பூனைகளின் அருகே அவளை இருத்தி, புதிய பயிற்றுநரும் கூடவே இருந்தாராம். இம்முறை கடிதத்திற் சினமில்லை. புகையிரதக் கட்டணம் பற்றிய முறைப்பாடு மட்டும் ஒரு பக்கத்திற்கு இருந்தது.