512 பைட் ஏன் தீர்ந்துபோனது?

லினக்ஸ் கெர்னலை ஓட்டத்தின் நடுவே நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி கேடிபி. 2010இல் 2.6.35 பதிப்போடு லினக்ஸில் சேர்ந்தது. மூல நிரல் திறந்தே இருப்பதால் யாரும் வரிவரியாகப் படிக்கலாம்.

கேடிபியில் 'செட்' கட்டளையால் மாறிகளின் மதிப்பை மாற்றலாம். அந்த மதிப்புகளுக்குப் பல ஆண்டுகள் இருந்த இடம் 512 பைட்தான். ஒவ்வொரு மாற்றமும் புது இடம் பிடிக்கும், பழையது திரும்பி வராது. அடிக்கடி மாற்றினால் இடம் தீர்ந்துவிடும்.

கெர்னலின் பொது நினைவகத்தைக் கேட்டால் என்ன? கேடிபி இயங்கும்போது மற்ற சிபியுக்கள் நின்ற இடத்திலேயே உறைந்திருக்கும். அவற்றில் ஒன்று நினைவக ஒதுக்கீட்டுப் பூட்டைப் பிடித்தபடி நின்றிருந்தால், கேடிபியும் அதற்காகக் காத்து முடங்கலாம்.

ஆனாலும் பின்னர் வந்த சிறு திருத்தம் அந்த 512 பைட் இடத்தை நீக்கி, கெர்னலிடமே நினைவகம் கேட்டது. கேடிபிக்குள் இருக்கும்போது தூங்கிக் காத்திராத வகை ஒதுக்கீடு அது. இத்தகைய திருத்தத்தைச் சரிபார்ப்பவர் அதிக நேரம் செலவிட வேண்டியது பழைய மதிப்பை விடுவிக்கும் வரியில். தொடக்க மதிப்புகள் கெர்னலோடு பிறந்த மாறாத சரங்கள். ஒதுக்கிப் பெறாத அவற்றையும் விடுவித்தால் நினைவகக் கணக்கே சிதைந்துவிடும்.