ஜப்பானியச் சிற்றூரில் ஒரு வெளியூர் முகம்

ஜப்பான் அரசு 1987இல் ‘ஜெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்து இறங்கினார்கள். பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலைதான் பெரும்பாலோருக்கு. கல்லூரியை அப்போதுதான் முடித்த அந்த இளைஞர்களில் பலருக்கு டோக்கியோ வாய்க்கவில்லை. வயலுக்கும் மலைக்கும் நடுவே, வளர்ந்த பிள்ளைகள் நகரத்துக்குப் பிழைக்கப் போய்விட, பெரும்பாலும் முதியவர்களே மிஞ்சிய ஊர்கள்தான் கிடைத்தன. திட்டம் இன்றும் நடக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லும் வேடிக்கைக் கதைகள் எந்த ஊரானாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வேடிக்கை பார்க்க வந்தவரை ஊர் கூடி வேடிக்கை பார்ப்பதுதான் அவற்றின் சாரம்.

முதல் பாடம் பெரும்பாலும் குப்பையில் தொடங்கும். எரிப்பது, எரிக்காதது, பாட்டில், தகரம், காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நாள் உண்டு. பையைக் காலையிலேயே தெருமுனையில் வைத்து, காக்கை கிளறாமல் வலையால் மூடிவிட வேண்டும். பல ஊர்களில் பை உள்ளே இருப்பது தெரியும்படி இருக்கும். சில இடங்களில் அதன்மேல் வீட்டுக்காரர் பெயரையும் எழுத வேண்டும். தவறாகப் பிரித்த பையை வண்டிக்காரர்கள் எடுப்பதில்லை. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். பெயர் எழுதாத ஊரிலும் அது யாருடைய பை என்பதில் யாருக்கும் ஐயம் வராது. பக்கத்து வீட்டுப் பாட்டி அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார். திட்டுவதற்கு அல்ல, உட்கார்ந்து பிரித்துக் காட்டுவதற்கு. திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று புதியவருக்குத் தோன்றுவது அப்போதுதான்.

அடுத்த வம்பு சுற்றறிக்கை அட்டை. ஊர்ச் செய்திகளைச் செருகிய இந்த அட்டை வீடு வீடாகச் சுற்றும். பார்த்ததற்கு அடையாளமாக முத்திரையோ கையெழுத்தோ இட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாத வெளிநாட்டவர் அதை என்னவென்று புரியாமல் அலமாரியில் வைத்துவிட்டால், அந்தத் தெருவுக்கே செய்தி நின்றுபோகும்.

மாலை ஐந்து மணியளவில் ஊர் ஒலிபெருக்கிகள் திடீரென்று ஒரு மெல்லிசையைப் பாடும். புதியவர் ஏதோ ஆபத்து என்று வெளியே ஓடிவருவதும் உண்டு. நிலநடுக்கம், சுனாமி போன்ற பேரிடர் எச்சரிக்கைக்காகப் பொருத்திய கருவி அது. வேலை செய்கிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொள்ளவும், பிள்ளைகளை வீட்டுக்குக் கிளப்பவும் அந்தப் பாட்டு. மலையோரத்தில் கரடி தென்பட்டாலும், வீட்டைவிட்டுப் போன முதியவர் திரும்பாவிட்டாலும் அதே ஒலிபெருக்கிதான் அறிவிக்கும்.

கேள்விகளும் எங்கும் ஒன்றுதான். குச்சியால் சாப்பிட வருமா? நொதித்த சோயாவான நாட்டோ இறங்குமா? பத்தாண்டு குடியிருந்தவரும் குச்சியை எடுத்தவுடன் பாராட்டைக் கேட்டாக வேண்டும். தெருவில் எதிர்ப்படுபவர் எங்கே கிளம்பியாச்சு என்பார். நம்மூர்த் திண்ணைக் கேள்வி போலத்தான் அதுவும். விவரமான பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பதில் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடும். நேற்றுக் கடையில் ஆசிரியர் பீர் வாங்கினார் என்பதை மறுநாள் வகுப்பில் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

வாசலில் பெயரில்லாமல் முளைக்கும் முள்ளங்கி, கத்தரிக்காய்க் குவியல் இன்னொரு புதிர். வயலில் மிஞ்சியதை அண்டை வீட்டார் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பதிலுக்கு எதையாவது கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் யாரென்று கண்டுபிடித்துப் பிஸ்கட் பெட்டியோடு போனால், அடுத்த வாரம் அதற்கும் பதிலாக ஒரு மூட்டை வெங்காயம் வந்து சேரும். இந்தக் கணக்கை நேர்செய்து முடித்தவர் எவருமில்லை.

எல்லாவற்றையும்விடப் பலரைத் திணறவைப்பது ஒன்சென் எனும் வெந்நீர் ஊற்றுக் குளியல். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதி. உடை எதுவும் கூடாது. உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சிறு துண்டு ஒன்று கையில் இருக்கும், அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பதால் தலைமேல் மடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோலத்தில்தான் எதிரே மாணவனும் அவன் அப்பாவும் வந்து குனிந்து வணங்குவார்கள். ஊர்க்காரர்களுக்கு இதில் கூச்சம் இல்லை. பள்ளி மதிப்பெண் வரை அங்கேயே பேசிவிடுவார்கள்.

இப்போது தொழிற்சாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வியட்நாம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெளிநாட்டு முகம் முன்போல் அரிதல்ல. குப்பை நாள் அட்டவணையைப் பல நகராட்சிகள் வியட்நாமிய, போர்த்துக்கீசிய மொழிகளிலும் அச்சிட்டுக் கொடுக்கின்றன.