கூண்டுக் கவுதாரியும் கைப்பேசிக் கூவலும்

அமெரிக்கக் காட்டில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர் விடியுமுன்பே ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்துவிடுவார். பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பார். திருப்பதி மலையடிவாரத்துக் குருவிக்காரர்களுக்கு இது புதுப்பாடம் அல்ல. சேஷாசலக் காட்டில் வான்கோழி கிடையாது; அவர்கள் தேடிப்போனது காட்டுக்கோழியும் கவுதாரியும் காடையும்.

தெலுங்கில் நக்க என்றால் நரி. இந்தக் குருவிக்காரர்களைத்தான் நாம் நரிக்குறவர் என்கிறோம்; அங்கே அவர்களுக்கு நக்கல என்று பெயர். முன்பெல்லாம் பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு புதரோரம் வைத்துச் சுற்றிலும் கண்ணி போடுவார்கள். அது கூவும். தன் எல்லைக்குள் அந்நியன் புகுந்துவிட்டான் என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் காலைக் கொடுக்கும். இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைத்திருக்கும் உயிருக்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர்.

காட்டுக்கோழி அவ்வளவு சுலபத்தில் அகப்படாது. கோதாவரிக்கு வடக்கே இருப்பது செந்நிறக் காட்டுக்கோழி. இங்கே இருப்பது சாம்பல் நிறத்தது. கூவலும் வீட்டுச் சேவலுடையது போல இருக்காது, உடைந்து உடைந்து வரும். இரவில் மரத்தில் அடையும். வெளுக்கும்போது இறங்கி, திறந்த வெளிக்கு வராமல் புதரை ஒட்டியே மேயும். அதனால் முதல்நாள் அந்தியிலேயே அது எந்த மரத்தில் ஏறுகிறது என்று பார்த்துவைக்க வேண்டும். கிளறிக் கிடக்கும் சாணம் ஓர் அடையாளம். மூங்கில் அரிசி உதிரும் ஆண்டில் கூட்டமாகவே வந்து கூடும். சருகு நொறுங்கினால் அன்றைய வேட்டை அத்தோடு சரி.

கறிக்காக மட்டும் அது சாகவில்லை. சேவலின் கழுத்திறகில் மெழுகு சொட்டியதுபோல் மின்னும் புள்ளிகள் உண்டு. பிரிட்டனில் சால்மன் பிடிக்கும் தூண்டில்களில் கட்டும் செயற்கைப் பூச்சிக்கு அந்த இறகு கப்பலேறியது. ஒரு மீன்தூண்டிலின் அழகுக்காக இத்தனை சேவல்களா என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1960களின் பிற்பாதியில் அந்த ஏற்றுமதி நின்றது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. இடையில் 1989இல் சேஷாசலத்தின் 353 சதுர கிலோமீட்டர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவானது. வேட்டைத் தடை சரியானதுதான், எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காட்டைக் காதால் படித்தவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆந்திரப் பழங்குடிப் பட்டியலில் ‘நக்கல, குருவிக்காரன்’ என்று அவர்கள் பெயர் இருக்கிறது. திருப்பதி வீதியில் பாசிமணி, ஊசிமணி விற்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது தலக்கோணா அருவிப் பக்கம் விடியற்காலையில் வருகிறவர்கள் தோளில் கேமரா தொங்குகிறது. அவர்களுக்கும் வேண்டியது அதே கால் அடக்கம், அதே காத்திருப்பு. பொறுமை இல்லாத சிலர் பதிவுசெய்த கூவலைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுகிறார்கள். காட்டுச் சேவல், அங்கே இல்லாத எதிரியைத் தேடிச் சிறகு விரித்து ஓடி வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதற்கு இது வீண் அலைச்சல், வீண் ஆபத்து. கண்ணி போய்விட்டது, ‘பார்வை’ மட்டும் போகவில்லை. கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு மரத்தடியில் உட்காருங்கள். பொழுது வெளுக்கும்போது அது தானாகவே இறங்கி வரும்.